மட்டில்டாவின் நூலகத்தில் ஒரு சனிக்கிழமை: கிரேட் மிஸ்ஸெண்டன் போய்வர முழு வழிகாட்டி

லண்டனில், குறிப்பாக ஹாரோ, வெம்ப்ளி பக்கம் இருக்கும் நம்மவர்களின் பிள்ளைகள் ரோல்ட் டாலின் கதைகளைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வந்து "அந்த ஊருக்குப் போகலாமா" என்று கேட்பார்கள். அந்த ஊர் பக்கிங்காம்ஷரில் இருக்கும் கிரேட் மிஸ்ஸெண்டன். டாலின் பெயரிலான அருங்காட்சியகமும், 'மட்டில்டா' கதையில் அந்தச் சிறுமி போகும் நூலகத்துக்கு மாதிரி என்று சொல்லும் ஊர் நூலகமும் அங்கேதான். டால் பிறந்தது வேல்ஸில், கார்டிஃபை ஒட்டிய லான்டாஃபில். ஆனால் 1954 முதல் 1990இல் இறக்கும்வரை வாழ்ந்ததும், குழந்தைகளுக்கான கதைகளை எழுதியதும் இங்கேதான். அதனால் "பிறந்த ஊர்" என்று தேடி கார்டிஃபுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

என் பிள்ளைகளோடும், பிறகு தெரிந்த குடும்பங்களை அழைத்துக்கொண்டும் சில தடவை போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார். அந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் நூலக நேரத்தைப் பாருங்கள், அருங்காட்சியக நேரத்தை அப்புறம்

எல்லோரும் செய்வது இதற்கு நேர் எதிர். அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, நூலகம் அதே தெருவில்தானே, போகும்போது எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அது ஊர்ச் சிறு நூலகம். நகரத்து நூலகம் மாதிரி வாரம் முழுக்கக் காலையிலிருந்து இரவுவரை திறந்திருக்காது. ஞாயிறு கிடையவே கிடையாது.

நானே முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை போனேன். என் மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே இருக்கும் அலமாரிகளைப் பார்த்துவிட்டு, "மட்டில்டா இன்னைக்கு லீவா அப்பா" என்று கேட்டாள். தப்பு முழுக்க என்னுடையது. அருங்காட்சியகம் எவ்வளவு நன்றாக இருந்தும் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசியது பூட்டியிருந்த கதவைப் பற்றித்தான்.

ஆகவே, பக்கிங்காம்ஷர் கவுன்சிலின் நூலகப் பக்கத்தில் கிரேட் மிஸ்ஸெண்டன் கிளையின் நேரத்தை முதலில் பாருங்கள். சனிக்கிழமை காலை திறந்திருக்கும் வாரமாகத் தேர்ந்தெடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் பிற்பகல் நேரம் ஒன்றை முன்பதிவு செய்யுங்கள். அதற்கு நேரம் குறித்த டிக்கெட் கிடைக்கும், பள்ளி விடுமுறை வாரங்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். போகும் நாளுக்கு 2 நாள் முன்னால் இரண்டையும் இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால்: அட்டையும் மூன்று கதைகளும்

பிள்ளைக்கு உங்கள் பகுதி நூலகத்தில் உறுப்பினர் அட்டை இல்லை என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள், இலவசம்தான். சொந்த ஊர் நூலகத்தில் ஒரு தடவைகூடத் தானாகப் புத்தகம் எடுத்துப் பழகாத பிள்ளைக்கு, கிரேட் மிஸ்ஸெண்டன் நூலகம் வெறும் அறையும் அலமாரியும்தான். 5 நிமிடத்தில் "சரி, போகலாம்" என்று சொல்லிவிடும். எடுத்துப் பழகிய பிள்ளைதான் "இங்கே குழந்தைகள் பிரிவு எங்கே" என்று தேடும்.

அடுத்து, மூன்று கதைகள் போதும். எல்லாவற்றையும் படிக்க வைக்க வேண்டாம்.

'மட்டில்டா' (1988): முதல் அத்தியாயம் மட்டும். 4 வயதும் 3 மாதமும் ஆன சிறுமி தனியாக ஊர் நூலகத்துக்கு நடந்துபோகும் இடம் அது. அம்மா பிங்கோ ஆட 8 மைல் தள்ளி எய்ல்ஸ்பரிக்குப் போய்விடுவார். நீங்கள் ஏறப்போகும் ரயிலும் எய்ல்ஸ்பரிக்குத்தான் போகிறது. பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பிள்ளைக்கு அடையாளம் தெரிய வேண்டும், அதற்குத்தான் இது.

'டேனி' (1975): பெட்ரோல் பங்க் வரும் ஆரம்பப் பகுதிகள். 'பி.எஃப்.ஜி.' (1982): நள்ளிரவில் சோஃபி ஜன்னல் வழியாகப் பூதத்தைப் பார்க்கும் முதல் சில பக்கங்கள். இந்த இரண்டுக்கும் ஹை ஸ்ட்ரீட்டில் இடம் உண்டு.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பிள்ளை புத்தகத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்திருக்கும். 'மட்டில்டா'வின் 1996 படம் கதையை அமெரிக்காவுக்குத் தூக்கிப் போய்விட்டது; 2022 படத்தில் நூலகமே ஒரு வேன். அதை மனதில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளை, ஊர் நூலகத்தைப் பார்த்து "இது இல்லை" என்று சாதிக்கும். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.

பழைய பிரதியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: 2023இல் பதிப்பாளர் சில சொற்களை மாற்றினார், எதிர்ப்பு வந்ததும் பழைய வடிவத்தையும் தனி வரிசையாக வெளியிடுவதாக அறிவித்தார். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு ரயிலில் சண்டை போட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

3. ரயில்: பாதிப் பேர் தவறுவது இங்கேதான்

சில்டர்ன் நிறுவனத்தின் ரயில். லண்டன் மேரிலபோனில் கிளம்பி, ஹாரோ ஆன் த ஹில், அமர்ஷம் வழியாக எய்ல்ஸ்பரி போகும். மேரிலபோனிலிருந்து சுமார் முக்கால் மணி, ஹாரோவிலிருந்து சுமார் அரை மணி. ஹாரோக்காரர்களுக்கு மாறாமல் நேராகப் போகும் ரயில் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, பலருக்கு அது தெரியாது.

மூன்று இடங்களில் ஏமாறுவார்கள்.

ஒன்று, ஹாரோ ஆன் த ஹில்லில் 'அமர்ஷம்' என்று பலகையைப் பார்த்ததும் லண்டன் அண்டர்கிரவுண்டின் மெட்ரோபாலிடன் ரயிலில் ஏறிவிடுவது. அது அமர்ஷத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்கி சில்டர்ன் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய தவறு இல்லை, ஆனால் மெட்ரோபாலிடனில் கழிப்பறை கிடையாது, சில்டர்னில் உண்டு. சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டு, வெம்ப்ளிக்காரர்கள் 'வெம்ப்ளி ஸ்டேடியம்' நிலையத்துக்குப் போய்விடுவது. அதுவும் சில்டர்ன் நிலையம்தான், ஆனால் அது ஹை விக்கம் போகும் வேறு தடம். நீங்கள் வெம்ப்ளி பார்க்கில் மெட்ரோபாலிடன் ஏறி ஹாரோ ஆன் த ஹில் வந்து மாறுங்கள்.

மூன்று, மேரிலபோனில் 'எய்ல்ஸ்பரி' என்று போட்டிருக்கும் எல்லா ரயிலும் உங்கள் ரயில் அல்ல. சிலது ஹை விக்கம், பிரின்சஸ் ரிஸ்பரோ வழியாகச் சுற்றிக்கொண்டு எய்ல்ஸ்பரி சேரும். பலகையில் நிற்கும் ஊர்களின் பட்டியல் ஓடும்போது கிரேட் மிஸ்ஸெண்டன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

டிக்கெட்: லண்டனில் வாசலில் தட்டிவிட்டுப் போகும் ஆய்ஸ்டர் பயண அட்டை அமர்ஷம் வரைதான் செல்லும். கிரேட் மிஸ்ஸெண்டன் அதற்கு அடுத்த நிலையம். இந்த ஒரு நிலையத்தில்தான் வம்பே. அதனால் கிளம்பும் இடத்திலிருந்தே போய்வர டிக்கெட்டாக வாங்கிவிடுங்கள். 5 வயதுக்குக் கீழ் இலவசம். 5 முதல் 15 வயதுவரை ஒரு பிள்ளையாவது கூட வந்தால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டில் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். இரண்டு மூன்று பயணத்தில் அட்டைக் காசு திரும்பிவிடும்.

வார இறுதியில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். காரில் வருகிறவர்கள், அருங்காட்சியகத்துக்கென்று தனி பார்க்கிங் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். லிங்க் ரோடு கார் பார்க்கில் காசு கட்டி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

4. பையில் இருக்க வேண்டியது

மதியச் சாப்பாடு கட்டாயம். தெருவில் பப்பும் ஓரிரு காபிக் கடையும் உண்டு, ஆனால் சாண்ட்விச்சுக்கு முகம் சுளிக்கும் பிள்ளையோடு சனிக்கிழமை மதியம் இடம் தேடி அலைவது தண்டனை. புளிசாதமோ பொடி தடவிய இட்லியோ கட்டிக்கொள்ளுங்கள். லிங்க் ரோடு பக்கம் விளையாட்டுத் திடல் இருக்கிறது, மழை இல்லாவிட்டால் அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்.

சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற காலணி. டாலின் கல்லறைக்கு மேட்டில் ஏற வேண்டும், சில்டர்ன் மலைப்பக்கத்து மண் மழைக்குப் பிறகு காலை விடாது.

பிள்ளைக்கு ஒரு நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம். ஏன் என்று 7ஆவது படியில் சொல்கிறேன்.

5. இறங்கியதும் நேரே நூலகம்

நிலையத்திலிருந்து ஹை ஸ்ட்ரீட்டுக்குச் சில நிமிட நடைதான். அருங்காட்சியகமும் நூலகமும் அதே தெருவில். வழியில் வண்ணம் அடித்த அருங்காட்சியக முகப்பைப் பார்த்ததும் பிள்ளைகள் இழுப்பார்கள். விடாதீர்கள்.

ஏன் நூலகம் முதலில்? நேரம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அருங்காட்சியகத்தில் கடை இருக்கிறது. கடைக்குப் போய்விட்டு வந்த பிள்ளையின் கையில் பை இருக்கும், பைக்குள் ஏதோ ஒரு பொம்மை இருக்கும், அதன்பிறகு அலமாரி எதுவும் கண்ணில் படாது. இதை ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

உள்ளே போனதும் மேசையில் இருப்பவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, வெளியூர், பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். உட்கார்ந்து படிக்க அட்டை எதுவும் தேவையில்லை. ஆனால் வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகலாம் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஹாரோ அட்டை இங்கே செல்லாது, அங்கே நின்று அழுகையைச் சமாளிக்க வேண்டிவரும்.

பிறகு மட்டில்டா செய்ததைச் செய்யவிடுங்கள். அதாவது, பிள்ளையே போய் ஒரு புத்தகத்தை எடுத்து, ஒரு நாற்காலியைப் பிடித்து உட்காரட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். குறைந்தது 40 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் 10 நிமிடம் பிள்ளை சும்மா சுற்றும், அலமாரியைத் தடவும், உங்களைப் பார்க்கும். அந்த 10 நிமிடத்தில் பொறுமை இழந்து போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் பெரிய தவறு. அதைத் தாண்டிவிட்டால் உட்கார்ந்துவிடும். கதையில் நூலகர் திருமதி ஃபெல்ப்ஸ் அந்தச் சிறுமியை ஒன்றும் தொந்தரவு செய்யாமல் தன் போக்கில் விட்டார், நீங்களும் விடுங்கள்.

என் மகன் இரண்டாம் தடவை அங்கே எடுத்து வைத்துக்கொண்டது டாலின் புத்தகமே இல்லை, டிராக்டர் படங்கள் போட்ட ஒரு தடிப் புத்தகம். இவ்வளவு தூரம் வந்து டிராக்டரா என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நல்லவேளை.

போட்டோ எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், மற்ற பிள்ளைகள் படத்துக்குள் வரக்கூடாது. அங்கே வருவது உள்ளூர்க்காரர்கள், அவர்களுக்கு இது சுற்றுலா இடம் அல்ல. சாப்பாட்டுப் பையை திறக்காதீர்கள், புளிசாத வாசனைக்கு அந்த அறை சின்னது.

பள்ளிக் கோடை விடுமுறையில் போனால், நாடு முழுக்கப் பொது நூலகங்களில் நடக்கும் கோடை வாசிப்புச் சவால் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் பகுதியில் ஏற்கெனவே சேர்ந்த பிள்ளை என்றால், இங்கே படித்ததையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

6. ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு நடை

ஊரைச் சுற்றும் வழிக்கு வரைபடம் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. வீட்டிலேயே அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டால் அருங்காட்சியகத்துக்குள் போகாமலேயே நடையை ஆரம்பிக்கலாம்.

நிற்க வேண்டிய இடங்கள் இரண்டு. கிரவுன் ஹவுஸ் என்ற பழைய வீடு, சோஃபி இருந்த அனாதை இல்லத்துக்கு இதுதான் மாதிரி. இன்னொன்று, சிவப்பு பெட்ரோல் பம்புகள் நிற்கும் பழைய கராஜ், டேனியின் அப்பா வைத்திருந்த பங்குக்கு மாதிரி. பிள்ளையைப் பெயர்ப் பலகை பார்க்க விடாமல், "இந்தத் தெருவில் பூதம் நின்றால் எந்த ஜன்னல் வழியாகப் பார்க்கும்" என்று கேட்டுப் பாருங்கள். மாடி ஜன்னல்களை எண்ண ஆரம்பித்துவிடும். கிரவுன் ஹவுஸ் குடியிருக்கும் வீடு. ரோட்டிலிருந்து பார்ப்பதோடு சரி, வாசல்படியில் ஏறி நிற்காதீர்கள்.

இதற்கு அரை மணி போதும். சாப்பிட்டுவிட்டு அடுத்ததுக்கு.

7. அருங்காட்சியகம்: குடிசையிலிருந்து தொடங்குங்கள்

2005இல் திறந்தது, ஒரு பழைய சத்திரக் கட்டிடத்திலும் அதன் முற்றத்திலும் இருக்கிறது. பெரிய இடம் இல்லை. ஒன்றரையிலிருந்து 2 மணி நேரத்தில் முடிந்துவிடும். 6 முதல் 12 வயதுக்குத்தான் சரியாக இருக்கும். கைக்குழந்தைக்கும் பதின்வயதுக்கும் ஒன்றும் இல்லை என்றே சொல்வேன்.

கூட்டம் இருந்தால் முதல் அறையில் தேங்காமல் எழுத்துக் குடிசை இருக்கும் பகுதிக்கு முதலில் போய்விடுங்கள். டால் தன் தோட்டத்தில் ஒரு குடிசையில் உட்கார்ந்து எழுதினார். அதற்குள் இருந்த சாமான்களை அப்படியே பெயர்த்து 2012இல் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முதுகு வலிக்காமலிருக்க நாற்காலியின் முதுகுப் பக்கத்தில் அவரே வெட்டிய ஓட்டை, மடிமேல் வைத்து எழுதிய பச்சைத் துணி போர்த்திய பலகை, மஞ்சள் தாள், மஞ்சள் பென்சில். பென்சில் கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான். எழுத ஆரம்பிக்கும் முன் 6 பென்சிலைச் சீவி வைத்துக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை தன் பென்சிலை எடுத்துச் சீவுவதைப் பார்க்க வேண்டும்.

மேசைமேல் இரண்டு உருண்டைகளைத் தேடச் சொல்லுங்கள். ஒன்று, இளவயதில் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது தினமும் தின்ற சாக்லேட்டின் வெள்ளித்தாளை எல்லாம் சேர்த்து உருட்டிய பந்து. இன்னொன்று, அறுவைச் சிகிச்சையில் எடுத்த அவருடைய சொந்த இடுப்பெலும்பின் குமிழ். இரண்டாவதைக் கண்டுபிடித்த பிள்ளை அன்றைக்கு வேறு எதைப் பற்றியும் பேசாது, இதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

விவரம் தெரிந்த பிள்ளை என்றால் ஒன்றை மறைக்க வேண்டாம். டால் யூதர்களைப் பற்றி வெளிப்படையாகவே வெறுப்பாகப் பேசியவர். 2023இல் அருங்காட்சியகமே அதைக் கண்டித்து அறிக்கை விட்டது. சாக்லேட் தொழிற்சாலைக் கதையின் 1964 பதிப்பில், அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கறுப்பின மக்களாக இருந்தார்கள், 1973இல் அதை மாற்றினார். பிள்ளை வேறெங்காவது கேள்விப்பட்டு வந்து கேட்பதற்கு நாமே சொல்லிவிடுவது நல்லது. அதற்கு ரயில் நல்ல இடம், அருங்காட்சியகத்தின் நடுவில் வேண்டாம்.

கடை கடைசியில். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு பவுண்டு என்று காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

8. ஜிப்ஸி ஹவுஸைத் தேடிப் போகாதீர்கள்

டாலின் வீடு ஒயிட்ஃபீல்ட் லேனில் இருக்கிறது. அது தனியார் வீடு. அந்தக் குடிசையைப் பார்க்கலாம் என்று வேலி ஓரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். குடிசையின் சாமான்களைத்தான் நீங்கள் சற்றுமுன் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டீர்களே. அங்கே எட்டிப் பார்ப்பதில் ஒன்றுமில்லை.

நேரமும் தெம்பும் இருந்தால் அந்தப் பக்கமாக நடந்து ஆங்லிங் ஸ்பிரிங் காட்டுக்குப் போகலாம். டேனியும் அப்பாவும் போகும் காட்டுக்கு மாதிரி அதுதான் என்பார்கள். ஏப்ரல் கடைசியில் போனால் தரையெல்லாம் நீலப் பூ. மழைக்காலம் என்றால் மறந்துவிடுங்கள்.

9. கல்லறை: குளிர்காலத்தில் மட்டும் வரிசையை மாற்றுங்கள்

புனித பீட்டர், பால் தேவாலயம் ஊருக்கு மேலே, மேட்டில், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தள்ளுவண்டியோடு ஏறுவது கஷ்டம், தொட்டில் பை நல்லது. கோடையில் அருங்காட்சியகத்துக்குப் பிறகு போங்கள். டிசம்பர், ஜனவரியில் 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

புல்லில் பதித்திருக்கும் பூதத்தின் பெரிய காலடித் தடங்களைப் பின்பற்றினால் கல்லறைக்குப் போய்ச் சேரலாம். பிள்ளையை முன்னால் விடுங்கள், நீங்கள் வழி காட்டாதீர்கள். அடையாளமாக ஏதாவது வைக்க ஆசைப்பட்டால் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் போதும். பிளாஸ்டிக் பொம்மையை யாராவது ஒருவர் பிறகு பொறுக்க வேண்டும்.

தலைக்கு மேலே பார்க்கவும் சொல்லுங்கள். பிளவுபட்ட வாலோடு வட்டமிடும் செம்பருந்து மாதிரியான பறவைகள் இங்கே நிறைய. இங்கிலாந்தில் முழுக்க அற்றுப்போன இனத்தை 1989இலிருந்து ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்த மலைப்பக்கத்தில் விட்டார்கள். மிச்ச இட்லியை வீசிக் கூப்பிட வேண்டாம், சத்தியமாக வந்துவிடும்.

10. திரும்பும்போது

நிலையத்துக்கு 10 நிமிடம் முன்னதாக வந்துவிடுங்கள், ஒரு ரயிலை விட்டால் அடுத்ததுக்கு நிறைய நேரம் காத்திருக்க வேண்டும். லண்டன் பக்கம் போகும் நடைமேடைதானா என்று பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் ஏறி எய்ல்ஸ்பரியில் பிங்கோ ஆடப் போன குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

ஹாரோவில் இறங்கும்போது பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும், ஒரு கையில் பை, பழக்கதோஷத்தில் இன்னொரு கை தானாக ஆய்ஸ்டரை எடுத்து வாசலில் தட்டப் போகும். தட்டாதீர்கள். காலையில் உள்ளே தட்டாத அட்டையை மாலையில் வெளியே தட்டினால் முடியாத பயணம் என்று கணக்குப் போட்டு உச்சக் கட்டணத்தைப் பிடித்துவிடும். காலையில் வாங்கிய டிக்கெட்டை எந்தப் பையில் வைத்தோம் என்று ரயில் நிற்பதற்கு முன்னாலேயே தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.